தரங்கம்பாடி விடியல்: கிராட் ஃபில்டர் வாங்குவதா, பிராக்கெட்டிங் போதுமா?

அலைவாய்க்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் தரங்கம்பாடியில் தங்கப் போகிறேன். 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டை ஒரு பக்கம், கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் இன்னொரு பக்கம். இரண்டையும் விடியற்காலையில் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போன வருடமும் போனேன். வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வைத்தால் கரையில் கிடக்கும் கற்கள் கரி மாதிரி ஆகிவிட்டன. கற்களுக்கு வைத்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிட்டது. திரும்பி வந்ததும் வானத்தை மட்டும் மங்கலாக்க, மேல்பாதி கறுத்து கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும் கிராட் ஃபில்டர் செட் ஒன்றை விலை குறைந்த பிளாஸ்டிக்கில் வாங்கினேன். சாம்பல் மேகமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. அதை எடுத்து மூலையில் வைத்துவிட்டேன்.

இப்போது நல்ல கண்ணாடி ஃபில்டராக வாங்கலாமா, அல்லது வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று ஃபிரேம் எடுத்து (அதுதான் பிராக்கெட்டிங்) வீட்டில் இணைத்துக்கொள்ளலாமா என்று குழப்பம். கூடவே அலையைப் பனி மாதிரி காட்டும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டரும் (படம் முழுவதையும் ஒரே அளவில் இருட்டாக்குவது; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) வேண்டும் போல இருக்கிறது. என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவான முழு ஃபிரேமைவிடச் சிறியது) கேமரா, 10-18 மி.மீ. லென்ஸ், ஓரளவு கனமான ட்ரைபாட். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பிக்ஸல்மாறன் எழுதியது:

கிராட் வேண்டாம் நண்பா. காரணம் சொல்கிறேன்.

இன்றைய நல்ல சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) 14 ஸ்டாப் வரை வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கின்றன. கிராப் சென்சாரில் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ரா ஃபைலில் (சென்சார் தந்த தகவலை அப்படியே சேமிப்பது) எடு. ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் வானம் வெட்டுப்படாத அளவுக்கு எக்ஸ்போஷர் வை. நிழல் பகுதியை வீட்டில் 2 அல்லது 3 ஸ்டாப் தூக்கினாலும் படம் தாங்கும். அதுவும் போதவில்லையென்றால் 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று ஃபிரேம் எடுத்து இணைத்துவிடு.

கிராட் ஃபில்டர் நேர்கோடு போட்டது மாதிரிதான் இருட்டாக்கும். தரங்கம்பாடியில் உன் அடிவானத்தை வெட்டிக்கொண்டு கோயில் நிற்கிறது. கோயிலின் மேல்பாதியும் சேர்ந்து இருண்டுவிடும். மென்பொருளில் மாஸ்க் போட்டால் கல்லை விட்டுவிட்டு வானத்தை மட்டும் தொடலாம்.

என்டி ஃபில்டர் வேறு கதை. அதை மட்டும் வாங்கு.

வெள்ளியுப்பு எழுதியது:

மாறன் தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்கு என் பதில் இது.

வானமும் தரையும் ஒரே படத்தில் அடங்க மறுப்பது இந்தக் கலை பிறந்த காலத்திலிருந்தே இருக்கிற சிக்கல். 1850களில் பயன்பட்ட கொலோடியன் தகடுகள் (ரசாயனம் பூசிய கண்ணாடி நெகட்டிவ்கள்) நீல ஒளியை அதிகமாக வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் எப்போதும் வெளிறிப் போகும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1857இல் செத் என்ற ஊரில் எடுத்த பேரலைப் படத்தில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் அடிவானத்தில் ஒட்டி ஒரே தாளில் பிரிண்ட் போட்டார். ஆக, இரண்டு ஃபிரேமை இணைப்பது ஏதோ கணினியோடு வந்த குறுக்குவழி என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் ஸ்லைடு ஃபிலிமில் (நெகட்டிவ் இல்லாமல் நேராகவே படமாக வருவது) வளர்ந்தவன். ஸ்லைடு தாங்குவது ஐந்து ஸ்டாப் அளவுதான். இணைக்கவும் வழியில்லை. எடுத்த இடத்திலேயே படம் முடிந்தாக வேண்டும். அமெரிக்க மலைப் படக்காரர் கேலன் ரவல் கிராட் ஃபில்டர்களைத் தன் பெயரிலேயே சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியதும் இந்த நெருக்கடியால்தான்.

அந்தப் பழக்கம் எனக்குத் தந்தது ஒன்று உண்டு: வெளிச்சத்தை எண்ணிப் பார்ப்பது. நீங்கள் என்ன ஃபில்டர் வாங்கினாலும், வாங்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) வையுங்கள். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 11. வானம் 1/60 காட்டுகிறது, ஈரக் கல் 1/4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/60, 1/30, 1/15, 1/8, 1/4. நான்கு ஸ்டாப் வித்தியாசம். நான் நான்கு ஸ்டாப் ஃபில்டர் போடமாட்டேன், மூன்றுதான் போடுவேன். ஷட்டரைக் கல்லுக்கான 1/4இல் வைப்பேன். வானம் தரையைவிட ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சமாகவே இருக்கும். கண் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

தண்ணீரில் வானத்தின் பிரதிபலிப்பு விழும்போது இன்னும் கவனம் வேண்டும். பிரதிபலிப்பு எப்போதும் வானத்தைவிட ஒன்று, இரண்டு ஸ்டாப் மங்கலாகத்தான் இருக்கும். ஃபில்டரை அதிகமாகப் போட்டு, வானத்தைவிடக் குளம் பளிச்சென்று இருக்கும் படங்களை நிறையப் பார்க்கிறேன். நாற்று நட்ட வயல், கோயில் குளம், அலை பின்வாங்கிய மணல் எல்லாவற்றிலும் இந்தத் தவறு நடக்கும். மென்பொருளில் செய்பவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

மலைச்சாரல் எழுதியது:

நான் பெரும்பாலும் நீலகிரி, கொழுக்குமலைப் பக்கம் எடுப்பவன். மலையில் அடிவானம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அங்கே கறுப்பு சட்டென்று முடியும் ஹார்டு கிராட் உதவாது, முகட்டில் ஒரு கருங்கோடு விழுந்துவிடும். படிப்படியாக மாறும் சாஃப்ட் கிராட் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் மூன்று வருடமாக மலைக்கு கிராட் எடுத்துப் போவதை விட்டுவிட்டேன், பிராக்கெட்தான். கடலுக்குப் போகும்போது மட்டும் பையில் வைக்கிறேன்.

வாங்குவதானால் கடைக்காரர் பொதுவாகச் சொல்லாத இரண்டு விஷயம். உங்களுடையது கிராப் சென்சார். 100 மி.மீ. அகல ஃபில்டரில் சாஃப்ட் கிராட் வாங்கினால், கறுப்பிலிருந்து தெளிவுக்கு மாறும் பகுதியே உங்கள் ஃபிரேம் முழுக்கப் பரவிவிடும். லென்ஸ் பார்ப்பது ஃபில்டரின் சிறு பகுதியைத்தானே. போட்டும் போடாத மாதிரி இருக்கும். கிராப் சென்சாரில் ஹார்டு கிராட் போட்டால்தான் முழு ஃபிரேம்காரர்களின் சாஃப்ட் மாதிரி மிதமாகத் தெரியும். டெலி லென்ஸ் போட்டால் இந்த விளைவு இன்னும் கூடும்.

அடுத்தது, கோடு எங்கே விழுகிறது என்பது அபெர்ச்சரைப் பொறுத்து மாறித் தெரியும். வ்யூஃபைண்டரில் லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது மாறும் இடம் கலங்கலாகத் தெரியும். எஃப் 11க்கு மூடியதும் அதே கோடு கூர்மையாகிவிடும். அதனால் டெப்த் ப்ரிவ்யூ பட்டனை (படம் எடுக்கும் அபெர்ச்சருக்கு லென்ஸை மூடிக் காட்டுவது) அழுத்திக்கொண்டே ஃபில்டரை மேலும் கீழும் நகர்த்துங்கள். நகரும்போதுதான் கண்ணுக்குக் கோடு பிடிபடும்.

கன்னியாகுமரியில் ஒருமுறை இதைக் கவனிக்காமல் விட்டேன். 133 அடி வள்ளுவர் சிலையின் இடுப்புக்கு மேலே எல்லாம் இருண்டு, கால்கள் மட்டும் வெளிச்சமாக வந்தன. எனக்கு அன்றைக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. சூரியனுக்கு எதிரே நிழலுருவமாக எடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அன்று மாலை வேறொன்று புரிந்தது: சூரியன் மேற்கே இருக்கும்போது கரையிலிருந்து சிலையைப் பார்த்தால் பின்னால் உள்ள வானம் அவ்வளவு பிரகாசமாக இல்லை. கிராட் எதுவும் தேவைப்படவில்லை.

அலைவாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளியுப்பு சார், இன்று காலை மொட்டை மாடியில் நின்று வானத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் மீட்டர் பண்ணிப் பார்த்தேன். ஐந்து ஸ்டாப்! இத்தனை வருடம் இதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் இப்போது எனக்கு கிராட் வேண்டாம் என்றே தோன்றுகிறது. என்டி மட்டும் வாங்கி, மூன்று ஃபிரேம் பிராக்கெட் எடுத்தால் முடிந்தது, இல்லையா?

நுரைக்கோடு எழுதியது:

தம்பி, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். பத்து வருடமாகக் கடலை மட்டும் நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்துவருகிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிராக்கெட்டிங் நன்றாக வேலை செய்வது மூன்று ஃபிரேமும் ஒரு நொடிக்குள் முடியும்போது. என்டி போட்டதும் கணக்கு மாறிவிடுகிறது. வெள்ளியுப்பு சார் சொன்ன அதே 1/4 நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 6 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும். 1/4 நொடி 16 நொடியாகும். 10 ஸ்டாப் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு, துல்லியமாக 1024. அப்போது 256 நொடி, அதாவது நான்கே கால் நிமிடம். இது தரைக்கான ஃபிரேம் மட்டும். வானத்துக்கான ஃபிரேமைத் தனியாக எடுக்க வேண்டும். கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன் செய்திருந்தால், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதே அளவு நேரம் மறுபடி கறுப்பு ஃபிரேம் எடுத்துக்கொண்டு நிற்கும். நான்கே கால் நிமிடப் படத்துக்கு எட்டரை நிமிடம். அதற்குள் கிழக்கே அந்த ரோஜா நிறம் போய்விடும். தரை ஃபிரேமில் இருக்கும் ஒளி ஒன்று, வான ஃபிரேமில் இருக்கும் ஒளி வேறொன்று. மேகமும் நகர்ந்திருக்கும். இரண்டையும் இணைத்தால் ஒட்டவே ஒட்டாது.

நிழலைப் பிறகு தூக்கலாம் என்றால், நீண்ட எக்ஸ்போஷரில் சென்சார் சூடாகி இருண்ட பகுதியில் ஹாட் பிக்ஸல் புள்ளிகள் வரும். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் அதிகம். அதை 3 ஸ்டாப் தூக்கினால் புள்ளிகளும் சேர்ந்து எழும்.

ஆகவே என் கருத்து இது. வேகமான ஷட்டரில் கிராட் இன்று தேவையில்லை, மாறன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் என்டி போடுகிற அந்த நிமிடத்திலிருந்து கிராட் மறுபடி அவசியமாகிறது. ஒரே ஃபிரேமில், ஒரே ஒளியில் இரண்டையும் பிடிக்க வேறு சுலபமான வழி இல்லை.

இரண்டாவது, 10 ஸ்டாப் ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நான்கு நிமிட எக்ஸ்போஷரில் கடல் பாலாடை மாதிரி ஆகிவிடும். நடுப்பகலில், கோட்டைச் சுவருக்கு மேல் மேகம் ஓடும்போது அது அழகு. 1/30ஐ 34 நொடியாக்கும். விடியலுக்கு அது அதிகம். அலை பின்வாங்கும்போது கற்களுக்கு நடுவே இழை இழையாக ஓடும் நுரைதான் தரங்கம்பாடியின் அழகு. அந்த இழை அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்குள் கிடைக்கும். ஃபில்டரே இல்லாமல் இருட்டில் கிடைக்கும், வெளிச்சம் ஏறியதும் 3 ஸ்டாப் என்டி போதும். முதல் என்டியாக 6 ஸ்டாப் வாங்குங்கள், அது இரண்டு பக்கமும் உதவும்.

வேலை செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஃபிரேம், அப்புறம் ஃபோகஸ். ஃபோகஸ் கிடைத்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கிராடை ஹோல்டரின் வெளிக் காடியில் செருகி அடிவானத்துக்குப் பொருத்துங்கள். டெஸ்ட் ஷாட் எடுத்து ஹிஸ்டோகிராம் பாருங்கள். கடைசியாகத்தான் என்டி, அதுவும் லென்ஸுக்கு மிக அருகில் உள்ள காடியில், அதன் பஞ்சு விளிம்பு உள்பக்கமாக இருக்கும்படி. இல்லையென்றால் இடுக்கில் ஒளி புகுந்து படத்தின் நடுவே வெளிறிய பட்டை விழும். டிஎஸ்எல்ஆர் என்றால் வ்யூஃபைண்டரையும் துணியால் மூடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்திருக்கட்டும். 30 நொடிக்கு மேல் போனால் பல்ப் மோடும் (ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைப்பது) கேபிள் ரிலீஸும் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்குவது) வேண்டும்.

வாங்கிய ஃபில்டரை வீட்டில் ஒருமுறை சோதியுங்கள். வெளிச்சம் மாறாத அறையில் வெள்ளைச் சுவரை ஃபில்டர் இல்லாமல் ஒன்று, போட்டு 64 மடங்கு நேரம் கொடுத்து ஒன்று. இரண்டு ஹிஸ்டோகிராமும் ஒரே இடத்தில் நிற்கவில்லையென்றால் உங்கள் ஃபில்டரின் உண்மையான அளவு வேறு. அதை அட்டையில் எழுதி ஹோல்டர் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறச் சாயலும் இதிலேயே தெரிந்துவிடும். உங்கள் கத்தரிப்பூ மேகம் அப்படி வந்ததுதான். சாயமிட்ட மலிவான பிளாஸ்டிக் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடும். வாங்கும்போது அகச்சிவப்புத் தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிக்ஸல்மாறன் எழுதியது:

நுரைக்கோடு அக்கா சொன்ன ஒளி மாறும் கணக்கை நான் யோசிக்கவில்லை. நான் எடுப்பதெல்லாம் 1/2 நொடிக்குள் என்பதால் அது எனக்குத் தட்டுப்பட்டதே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கண்ணாடித் தகடே இல்லாமல் இதைச் செய்யும் கேமராக்களும் வந்துவிட்டன. ஒலிம்பஸ் 2019இலேயே பல ஃபிரேம்களைக் கேமராவுக்குள் சேர்த்து என்டி விளைவைத் தந்தது. 2024இல் வந்த ஓஎம்-1 மார்க் 2 கேமரா கிராட் ஃபில்டரையே உள்ளே கொண்டுவந்தது. இருள் முடியும் கோட்டினை நகர்த்தலாம், சாய்க்கலாம். மற்றவர்களும் இந்த வழிக்கு வருவார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை: சுழற்றினால் அடர்த்தி மாறும் வேரியபிள் என்டியை 10 மி.மீ. லென்ஸுக்கு வாங்காதே. அது இரண்டு போலரைசர்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தது. வைடு லென்ஸில் அதிகமாகத் திருகினால் படத்தில் குறுக்கே எக்ஸ் மாதிரி கறுப்பு விழும்.

ஈரமணல் எழுதியது:

காசு போட முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கறுப்பு அட்டை.

16 நொடி எக்ஸ்போஷர் என்றால், லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து வானத்தை 14 நொடி மறைத்து, 2 நொடி மட்டும் திறந்துவிடுங்கள். 16க்கு 2 என்றால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 ஸ்டாப் கிராடுக்குச் சமம். மறைக்கும் நேரம் முழுக்க அட்டையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் கோடு தெரியும். கை கேமராவில் படக் கூடாது. பத்து முறை எடுத்தால் மூன்று முறை சரியாக வரும். அட்டையைக் கோயில் விமானத்தின் வடிவத்துக்குத் தோராயமாக வெட்டிக்கொண்டால் விமானம் இருளாது. இதை எந்தக் கண்ணாடி ஃபில்டரும் செய்யாது.

தரங்கம்பாடி மணல் பற்றியும் சொல்கிறேன். ஈர மணலில் ட்ரைபாடை வைத்ததும் படம் எடுக்காதீர்கள். கால்களை அழுத்தி இறக்குங்கள், இரண்டு அலை வந்து போகட்டும், அதற்குப் பிறகு எடுங்கள். ஒவ்வொரு அலையும் காலடி மணலை உருவிக்கொண்டு போகும். உப்புத் திவலை ஃபில்டரில் விழுந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன் துணியால் ஒற்றி எடுங்கள். அறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் ஃபில்டரையும் ட்ரைபாட் கால்களையும் அலசுங்கள்.

அலைவாய்க்கரை எழுதியது:

நேற்று இரவு திரும்பினேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

கடைசியில் வாங்கியவை: 6 ஸ்டாப் என்டி, 3 ஸ்டாப் ஹார்டு கிராட், ஹோல்டர். கறுப்பு அட்டை வீட்டிலேயே இருந்தது.

முதல் நாள் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழுந்தது. நான் ஐந்தே முக்காலுக்கே கரையில் நின்றேன். முதல் நான்கு படங்களும் வீண், ட்ரைபாட் அமிழ்ந்துவிட்டது. ஐந்தாவது படம் 16 நொடி, இரண்டு ஃபில்டரும் போட்டது. கேமரா திரையில் அது தெரிந்தபோது பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். போன வருடம் கரியாக வந்த அதே கற்கள், ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் பாசி தெரிகிறது.

கோயிலுக்கு அட்டைதான் கைகொடுத்தது. ஈரமணல் அண்ணா, பன்னிரண்டு முறை எடுத்ததில் இரண்டு தேறின. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், நூற்றாண்டுகளாகக் கடலின் அடியை வாங்கிக்கொண்டே நிற்கிறது. அதன் கல்லில் விடியலின் முதல் ஒளி படுவதை முழுதாகக் காட்ட முடிந்தது பெரிய நிறைவு. சூரியன் ஏறியதும் மலைச்சாரல் சொன்னதை நினைத்துக் கடலுக்கு முதுகு காட்டி நின்று, கிழக்கு ஒளி நேராக விழும் கோட்டைச் சுவரை எடுத்தேன். ஃபில்டர் எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளியுப்பு எழுதியது:

நீங்கள் இணைத்த படங்களில் மூன்றாவது மிக நன்றாக இருக்கிறது தம்பி. நுரையின் இழைகள் அப்படியே தெரிகின்றன. ஐந்தாவதில் மட்டும் ஏதோ உறுத்துகிறது. கீழே ஈர மணலில் தெரியும் வானத்தையும் மேலே இருக்கும் வானத்தையும் மாறி மாறிப் பாருங்கள்.

அலைவாய்க்கரை எழுதியது:

பார்த்தேன் சார். மணல் வானத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது. அந்த நேரத்தில் வித்தியாசம் இரண்டரை ஸ்டாப்தான் இருந்தது. குறித்து வைத்தும், கையில் இருந்த 3 ஸ்டாப்பை அப்படியே போட்டுவிட்டேன்.

இப்போது ரா ஃபைலில் வானத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஒன்றேகால் ஸ்டாப் தூக்கிப் பார்த்தேன், மணல் அடங்கி உட்கார்ந்துவிட்டது. மாற்றிய படத்தை மேலே சேர்த்திருக்கிறேன். அடுத்த முறைக்கு 2 ஸ்டாப் கிராட் ஒன்றும் தேவைப்படும் போல.